குசெரா கொட்டகை வந்ததும் இடது பக்கம்

கெல்சோ கவுண்டியைப் பற்றி இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்பும்படி தலைநகரிலிருந்து கடிதம் வந்ததும், ஆர்லீன் சோபோட்கா முதலில் கவலைப்பட்டது மீதி ஒன்றரைப் பக்கத்துக்கு என்ன எழுதுவது என்றுதான். முப்பத்தோரு வருஷமாக அவள் அந்தச் சின்ன மாவட்டத்துக்குக் கவுண்டி கிளார்க். கல்யாணம், சாவு, நிலப் பத்திரம், நாய் லைசென்ஸ் எல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகும். யார் எந்தக் கிணற்றுக்காக யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. ஆனால் அதையெல்லாமா எழுத முடியும்?

விஷயம் இதுதான். ஊரில் இருந்த ஒரே டாக்டர் விட்கோம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டார். இனி நோயாளியின் நாக்கைப் பார்ப்பதில்லை, கோல்ஃப் பந்தை மட்டும்தான் பார்ப்பது என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் இல்லாத கவுண்டிகளின் பட்டியல் தலைநகரில் ஒன்று உண்டு. படிப்பு முடித்த இளம் டாக்டர்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கவுண்டியும் தன்னைப் பற்றி இரண்டு பக்கம் சொல்லிக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லூயிஸிலிருந்து இமானி ப்ரூயிட் என்ற டாக்டர், ஏப்ரலில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஊருக்கு டாக்டர் வேண்டும் என்று எல்லோரும்தான் சொன்னார்கள். ஆர்லீனுக்குப் புருஷன் மைலோ உயிரோடு வேண்டும். பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை, மைலோ மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு உள்ளே வந்து, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னான். சொல்லிவிட்டுக் காப்பி கேட்டான். ஆஸ்பத்திரிக்கு எழுபது மைல், பனி, முன்னால் ஆமை வேகத்தில் பனி தள்ளும் வண்டி. அவள் ஹாரன் அடித்ததற்கு, "பாவம், அவன் வேலையை அவன் பாக்குறான்" என்று சொன்னவன் மைலோ. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த ஆஸ்பத்திரி டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் இருமினாலே இவள் வண்டிச் சாவியைத் தேடுவாள்.

அதனால் அவள் உயிரைக் கொடுத்து எழுதினாள். எழுதியதைக் கவுண்டியை நடத்தும் மூன்று கமிஷனர்களிடமும் காட்டினாள். அங்கேதான் தப்பு பண்ணினாள். தலைமைக் கமிஷனர் கேலார்டு ஸ்டெங்கர் அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். தீவனக் கடை வைத்திருப்பவர். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார்.

"'அன்பான மக்கள்'னு போட்டிருக்கியே, யாரைச் சொல்ற?"

"நம்மளைத்தான்."

"நம்மளை நாமே சொல்லிக்கிறதா? பாக்குறவன் என்ன நினைப்பான்? 'ஆளுங்க பரவாயில்லை'னு போடு."

"பொண்ணு பாக்க வர்ற எடத்துல 'பொண்ணு பரவாயில்லை'ன்னா சொல்லுவாங்க?"

"என் கல்யாணத்துல அப்படித்தான் சொன்னாங்க. நாப்பது வருஷம் ஓடலையா?" என்றார் கேலார்டு. "அப்புறம் இது என்ன, 'அழகான ஆற்றங்கரை'? ஆறு இருக்குன்னு போடு. சில வருஷம் தண்ணியும் இருக்கும்னு போடு."

இந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமையடிப்பது என்றால் பாம்பைக் கண்ட மாதிரி. கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய காளையின் சொந்தக்காரனைக் கேட்டால், "மத்த காளைங்களுக்கு உடம்பு சரியில்லை போல" என்பான். சாவு வீட்டில் பத்து வகைச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி, கோவிச்சுக்காதீங்க" என்பார்கள். அதற்குள் அத்தனை அன்பும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதை வெளியூர்க்காரி எப்படிக் கண்டுபிடிப்பாள் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் கெல்சோ கவுண்டியின் அறிமுகம் இப்படி முடிந்தது: மக்கள்தொகை இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. மாடுகள் அதைவிட நிறைய. குளிர் உண்டு. காற்று உண்டு. ஆட்கள் பரவாயில்லை.

எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட பகுதி ஒன்றுதான். வரும் வழி. அதை எழுதுவதற்குக் காரணமும் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் போன பாலத்தை இன்னும் பாலம் என்றே போன் மேப் நம்பிக்கொண்டிருந்தது. அதன் பேச்சைக் கேட்டு வந்த இரண்டு கார்களை மைலோதான் டிராக்டர் வைத்து இழுத்து எடுத்தான். ஆகவே ஆர்லீன் கொட்டை எழுத்தில் போட்டாள்: 'போன் சொல்வதை நம்ப வேண்டாம். இந்தத் தாளை நம்பவும். நெடுஞ்சாலையில் மேற்கே வந்து, வெண்ணெய் ஃபேக்டரியில் வலது பக்கம் திரும்பவும். நான்கு மைல். குசெரா கொட்டகை வந்ததும் இடது பக்கம். இரண்டு மைலில் ஊர்.'

கேலார்டு தலையாட்டினார். "இது ஒண்ணுதான் ஒழுங்கா எழுதியிருக்க."

வெண்ணெய் ஃபேக்டரி, ஆர்லீன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எரிந்து போனது. குசெரா குடும்பத்துக் கொட்டகையை முப்பது வருஷத்துக்கு முன் சூறாவளி தூக்கிக்கொண்டு போனது. அதன் ஒரு கதவு பக்கத்துக் கவுண்டியில் கிடைத்தது. அந்தத் தாளை ஏழு பேர் படித்தார்கள். ஏழு பேர் கண்ணிலும் ஃபேக்டரியும் கொட்டகையும் கல்லு மாதிரி நின்றன. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

சாலைக்குப் பெயர்ப் பலகை கிடையாதா என்று கேட்பீர்கள். இருந்தது. பள்ளிக்கூடம் முடிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு மே மாதமும் ஆளுக்கொன்று பிடுங்கிக்கொண்டு போய் அறையில் மாட்டிக்கொள்வது இங்கே வழக்கம். கவுண்டியும் நட்டு நட்டு அலுத்துப் போய் விட்டுவிட்டது. கடுமையான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேலார்டு வருஷா வருஷம் பேசுவார். அவர் கடைப் பின்கட்டில், அவர் படிப்பு முடித்த வருஷத்துப் பலகை இன்னும் தொங்குகிறது.

டாக்டருக்கு வீடும் தயார் செய்தார்கள். குசெரா கொட்டகை மூலையில், சாலைக்கு எதிர்ப்பக்கம், லிண்ட்குவிஸ்ட் வீடு காலியாகக் கிடந்தது. இருபது பேர் இரண்டு சனிக்கிழமை கூடி அதற்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். ஏணியில் ஏறக் கூடாது என்று சொல்லப்பட்ட மைலோ, ஆர்லீன் அந்தப் பக்கம் போனதும் ஏறி, கூரையோரம் முழுக்க அடித்து முடித்தான். வாசலில் சிவப்பு ஜெரேனியம் பூத்தொட்டிகள் ஆறு வைத்தார்கள். யாரோ ஒருத்தர் பெயர் சொல்லாமல் ஒரு ஊஞ்சல் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். ஊரிலேயே நல்ல வீடு அதுதான் என்று ஆகிவிட்டது.

குறிப்பிட்ட நாளன்று பன்னிரண்டு மணிக்கு, சர்ச்சின் கீழ்த்தளத்தில் விருந்து. பன்றித் தொடை, உருளைக்கிழங்கு, பழம் வைத்த கொலாச்சி ரொட்டிகள், பை என்கிற இனிப்புப் பண்டம் பதினோரு விதம். சமையல் பொறுப்பு கேலார்டின் மனைவி ட்வைலாவுக்கு. ஆர்லீன் காலையிலிருந்து ஒவ்வொருவரையும் பிடித்துப் பாடம் நடத்தினாள்.

"டாக்டரம்மா 'ஊர் எப்படி'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"மோசமில்லைனு..."

"செருப்பால அடிப்பேன். 'ரொம்ப நல்ல ஊர்'னு சொல்லு. ஒரு தரம் சொல்லிக் காட்டு."

ட்வைலா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்ததும் காது வரை சிவந்து, "நாக்கு கூசுது ஆர்லீன்" என்று சமையல் பக்கம் போய்விட்டாள். மைலோவுக்கு மட்டும் விருந்துக்கு வரத் தடை. அவன் வாயைத் திறந்தால், இங்கே டாக்டரே தேவையில்லை, யாரும் சாவதில்லை, சலித்துப் போய் அரிசோனாவுக்குத்தான் போகிறார்கள் என்று ஏதாவது சொல்லி வைப்பான். நெடுஞ்சாலைப் பக்கத்து நிலத்தில் வேலி பிடுங்கிக்கொண்டு கிடக்கிறது, போய் அதைப் பார் என்று அனுப்பிவிட்டாள்.

பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு மணிக்கு மாமிசத்தின் ஓரம் காய்ந்து சுருள ஆரம்பித்தது. நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு, இனிப்புகளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆர்லீன் படியேறி வாசலுக்குப் போய்ப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தாள். காலில் புதுச் செருப்பு கடித்தது. ஒன்றரை மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். வந்தது மைலோ.

"எனக்கா எந்திரிச்சு நிக்கிறீங்க? உக்காருங்க, உக்காருங்க" என்றான். "மிச்சம் மீதி ஏதாச்சும் இருந்தா சாப்பிட்டுப் போலாம்னு வந்தேன். டாக்டரம்மா எங்க?"

"வரலை" என்றாள் ஆர்லீன்.

"வரலையா? நான்தானே வழி சொல்லி அனுப்புனேன்."

மைலோ தொப்பியைக் கழற்றினான்.

"பன்னெண்டுக்கு முன்னாடி ஒரு நீலக் கார். ஒரு பொண்ணு. கையில நம்ம தாளு. வெண்ணெய் ஃபேக்டரி எங்கன்னு கேட்டுச்சு. இதோ இங்கதான்னு சொன்னேன். வலது பக்கம் திருப்பி விட்டேன். நேராப் போங்க, குசெரா கொட்டகை வந்ததும் இடது பக்கம், தப்பவே முடியாதுன்னு சொன்னேன்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார் கேலார்டு.

"இதுக்கு மேல எப்படிச் சொல்றது?" என்றாள் ட்வைலா.

ஆர்லீனும் அதைத்தான் நினைத்தாள். தப்பு எங்கே என்று அவளுக்கு விளங்க, அவள் அலுவலகம் இருக்கும் கோர்ட்டுக் கட்டடத்தின் போன் அடிக்க வேண்டியிருந்தது. அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டு, தெருவைக் கடந்து ஓடிப் போய் எடுத்தாள். பக்கத்து மார்லின் கவுண்டியின் கிளார்க் பெர்னிஸ் பேசினாள். இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து நாளிலிருந்தே ஆகாது.

"ஆர்லீன், எப்படி இருக்க? உங்க டாக்டர் இங்க வந்துட்டாங்க."

"அங்க எதுக்கு?"

"நீ அனுப்புன வழியில வந்தாங்களாம். ஏதோ கொட்டகையைத் தேடிக்கிட்டே முப்பத்தெட்டு மைல் நேரா வந்துட்டாங்க. பாவம், பசி. நாங்க சாப்பாடு போட்டோம். குசெரா கொட்டகையான்னு கேட்டேன், எனக்குச் சிரிப்பு தாங்கல. அதோட கதவு எங்க மாமா வீட்டுல சாப்பாட்டு மேஜையா இருக்குடி."

ஆர்லீன் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, அந்த மூலையில் கொட்டகை இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. சோள வயல்தான் இருக்கிறது. நெடுஞ்சாலைக்குப் போகும்போதெல்லாம் அந்த வயலைப் பார்த்துத்தான் வண்டியைத் திருப்புகிறாள். அடிப் பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அழுகையும் வந்தது.

டாக்டர் இல்லாத கவுண்டிப் பட்டியலில் மார்லினும் இருந்தது; டாக்டர் இமானி ப்ரூயிட் அங்கேயே வேலைக்குக் கையெழுத்துப் போட்டார். அங்கே ஆட்கள் தங்களைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லிக்கொள்ளத் தயங்க மாட்டார்கள். வெட்கம் கெட்ட கூட்டம் என்று கெல்சோவில் சொல்வது இதனால்தான்.

அடுத்த கமிஷன் கூட்டத்தில் ஆர்லீன் எழுந்து நின்றாள். "தாளை மாத்தி எழுதணும்" என்றாள்.

"என்னத்தை மாத்தணும்? தப்பு எங்க இருக்கு?" என்றார் கேலார்டு.

"கொட்டகை இல்லை கேலார்டு."

"இல்லைனு எனக்குத் தெரியாதா? அது பறந்து போறப்ப நான் நேர்ல பாத்தவன்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாதே."

கேலார்டு யோசித்தார். நியாயம் இருப்பதாகவே அவருக்கும் பட்டது. மூன்று கமிஷனர்களும் ஒரு மணி நேரம் விவாதித்துத் தீர்மானம் போட்டார்கள். தாளை மாற்றத் தேவையில்லை, இடத்தைத்தான் சரி செய்ய வேண்டும் என்று. மே மாதம் முதல் வாரம் அந்த மூலையில் பச்சைப் பலகை ஒன்று நட்டார்கள். 'குசெரா கொட்டகை இருந்த இடம்' என்று அதில் எழுதியிருந்தது. பதினோரு நாள் நின்றது. அப்புறம் பள்ளிக்கூடம் முடிந்தது. பலகை இப்போது எந்தப் பிள்ளையின் அறையில் தொங்குகிறது என்று ஊருக்கே தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகஸ்டில் மைலோவுக்கு மறுபடி நெஞ்சில் ஒரு மாதிரி இருந்தது. ஆர்லீன் அவனை வண்டியில் ஏற்றி மார்லினுக்கு ஓட்டினாள். வழியில் வெள்ளை வீட்டைத் தாண்டும்போது இருவரும் பேசவில்லை. ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று தெரியவில்லை, பூத்துத்தான் கிடந்தது.

டாக்டர் இமானி முப்பது வயதுக்காரர். வளர்த்தியான ஆள், நிதானமான பேச்சு. மைலோவின் நெஞ்சில் கருவியை வைத்தபடியே அவன் முகத்தைப் பார்த்தார்.

"உங்களை எங்கயோ பாத்திருக்கேன். வேலி பக்கத்துல தொப்பி போட்டுட்டு நின்னது நீங்கதானே?"

"நான்தான்" என்றான் மைலோ. "கொட்டகையைப் பாக்காமலேயா போனீங்க?"

"அங்க கொட்டகையே இல்லையே."

"இல்லதான். அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

டாக்டர் சிரித்தார். பிறகு ஒயரெல்லாம் ஒட்டி எடுத்த காகிதத்தைப் பார்க்கும்போது சிரிப்பு போய்விட்டது. மாத்திரை மாற்றி எழுதினார். அடுத்த தடவை வலி வந்தால் நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு வரக் கூடாது என்று ஆர்லீனிடம் சொன்னார். எங்கள் ஆம்புலன்ஸ் வரும், நானும் அதில் வருவேன் என்றார். ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார்.

"ரோடு நம்பர் இருக்கு, ஆனா உங்க பக்கம் பலகை ஒண்ணும் கிடையாதுன்னு டிரைவர் சொல்றார். வீட்டுக்கு வழி சொல்லுங்க. இங்கேருந்து தெற்க வர்றோம்."

மைலோ வாயைத் திறந்தான். "நேரா வந்தீங்கன்னா குசெரா..."

"நீ சும்மா இரு மைலோ" என்றாள் ஆர்லீன்.

இந்தத் தடவை தப்பக் கூடாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் வண்டியை ஓட்டினாள். முதலில் பள்ளிக்கூடம். இடித்துவிட்டார்கள். அப்புறம் லூத்தரன் சர்ச். அதைச் சக்கரத்தில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஹான்சன் காற்றாலை. விழுந்துவிட்டது. சோளம், சோளம், சோளம். அதுவும் அக்டோபரில் அறுத்துவிடுவார்கள். முப்பத்தோரு வருஷம் இந்தக் கவுண்டியைக் கையில் வைத்திருந்தவள் அவள். நின்றுகொண்டிருக்கிற ஒரு பொருளை அதில் அவளால் சொல்ல முடியவில்லை. மைலோ அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் ஒன்று அகப்பட்டது.

"ஒரு வெள்ளை வீடு இருக்கு" என்றாள். "சோள வயலுக்கு எதிர்ல. புதுப் பெயிண்ட். அதுல வலது பக்கம் திரும்பி ஒரு மைல். பச்சைத் தபால் பெட்டி."

டாக்டர் எழுதிக்கொண்டே தலையாட்டினார். "அந்த வீடு தெரியும். அன்னைக்கு அது முன்னாடிதான் வண்டியை நிறுத்தி, கொட்டகை எங்கன்னு பாத்தேன். வாசல்ல சிவப்புப் பூ, ஊஞ்சல் நாற்காலி. இதுல இருக்கிறவங்க குடுத்து வெச்சவங்கன்னு நினைச்சேன். இறங்கிக் கேக்கலாம்னு கதவைக்கூடத் தட்டினேன், யாரும் வரலை. யார் வீடு அது?"

ஆர்லீன் கண்ணைத் திறந்தாள்.

"உங்க வீடு" என்றாள்.

பேனா நின்றது. மைலோ சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான்.

"டாக்டர் வீட்டுல வலது பக்கம்னு எழுதிக்கோங்க" என்றான். "எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."